பூஜ்யம் சுத்தமாக இருந்த இரவு

இரண்டாவது மாடி, லிஃப்ட் மோட்டாருக்குப் பக்கத்து அறை.
கதவில் "நுழையாதே" என்று ஒட்டியிருக்கும்.
நுழைய ஆசைப்பட்டவர் இதுவரை யாருமில்லை.
உள்ளே பதினெட்டு டிகிரி.
வெளியே வேலூர்,
பகல் முழுக்கக் குடித்த வெயிலை
நள்ளிரவில் கக்கும் மொட்டை மலைகள்.

ஏசி சொட்டும் இடத்தில் ஒரு பெயிண்ட் வாளி.
எபனேசர் வேலையை விட்டுப் போகும்போது
எனக்கு ஒப்படைத்தவை மூன்று:
பாஸ்வேர்டு, சாவி, இந்த வாளி.
"ராத்திரி ரெண்டு தடவ கொட்டணும் மேடம், மறந்துடாதீங்க."

இந்த ஆஸ்பத்திரியில்
எல்லா இயந்திரமும் எழுதிக்கொண்டே இருக்கும்.
ரத்த வங்கி ஃப்ரிட்ஜ் நிமிஷத்துக்கு ஒரு தரம் தன் குளிரை.
லேப் மெஷின் தன் சலிப்பை.
மூன்றாம் நம்பர் லிஃப்ட்
கதவு மூடவில்லை, கதவு மூடவில்லை, மூடிவிட்டது.
அத்தனை வரியும் ஒரே குழாயில் சேர்ந்து
வடிபட்டு, பிரிபட்டு, எண்ணப்பட்டு
என் திரையில் வெறும் எண்ணாக வந்து விழும்.
நோயாளிகளை டாக்டர்கள் பார்க்கிறார்கள்.
இயந்திரங்களைக் குழாய் பார்க்கிறது.
குழாயை நான்.

ஒன்று ஐம்பது. பிழைகள்: பூஜ்யம்.
முழுத் திரையும் நாற்றங்கால் பச்சை.
ஃப்ளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றினேன்.
பாதி டம்ளரில்தான் உறைத்தது:
மூன்றாம் நம்பர் லிஃப்ட்
குறை சொல்லி எவ்வளவு நேரமாச்சு?

ஆயிரம் கட்டில் போட்ட இடத்தில்
நடுராத்திரி ஒரு குறையும் இல்லையென்றால்
குறை சொல்கிறவன் செத்துக் கிடக்கிறான் என்று அர்த்தம்.

பாலாறு மாதிரி என்று எழுதத் தோன்றுகிறது. எழுதமாட்டேன்.
அங்கே மணலைத் தோண்டினால் ஈரமாவது இருக்கும்.
இங்கே கடைசி வரி வந்தது ஒன்று ஒன்பதுக்கு.
அதற்குப் பிறகு
எதுவும் வராததைத்தான்
எதுவும் ஆகவில்லை என்று
எனக்குப் பச்சையில் காட்டிக்கொண்டிருந்தது.

நடு சர்வரில் டிஸ்க் நிரம்பியிருந்தது.
அவ்வளவுதான்.
மார்ச்சில் யாரோ சோதனைக்குத் திறந்து
மூட மறந்த ஒரு ஃபைல்
(யாரோ என்ன யாரோ, நான்தான்)
தின்று தின்று வீங்கிக் கிடந்தது.
அழித்தேன்.

வந்தது பார்,
ஐம்பத்து நான்கு நிமிஷம் அடைபட்ட வரியெல்லாம்.
ஒவ்வொன்றும் தன் பழைய நேரத்தை நெற்றியில் ஒட்டிக்கொண்டு,
காட்பாடியில் லேட்டாக நுழைந்த ரயிலின்
ஜனம் போல முட்டி மோதி.
லிஃப்ட் பதினேழு முறை புலம்பியிருந்தது.
ஒன்று இருபத்திரண்டு:
ரத்த வங்கி ஃப்ரிட்ஜ் கதவு திறந்திருக்கிறது.
அந்தப் பதினெட்டு டிகிரியில் எனக்குக் கழுத்து வியர்த்தது.
ஒன்று இருபத்தாறு: கதவு மூடப்பட்டது.
நான்கு டிகிரி. நான்கு. நான்கு.
யாரோ அந்தப் பக்கம் போனவர் மூடியிருக்கிறார்.
அப்போது நான்
பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு வைத்தியம் வீட்டிலேயே இருக்கிறது.
என் வீட்டுக்காரர் தணிகைவேல்
ஆம்பூர் ஷூ ஏற்றிச் சென்னைத் துறைமுகம் போகிறவர்.
பள்ளிகொண்டா டோல்கேட்டில் ஒரு மிஸ்டு கால்,
வாலாஜாவில் ஒன்று, ஸ்ரீபெரும்புதூரில் ஒன்று.
இப்போதெல்லாம் பேசினாலும் காசில்லை.
இருந்தும் அவர் இரண்டாம் மணி அடிக்கவிடமாட்டார்,
நான் எடுக்கமாட்டேன்.
நல்லா இருக்கேன் என்று அதற்குப் பொருள் இல்லை.
இருக்கேன் என்று பொருள்.

நிமிஷத்துக்கு ஒரு போலி வரி
குழாயின் அந்த முனையில் போட வைத்தேன்.
இந்த முனைக்கு ஐந்து நிமிஷம் அது வராவிட்டால்
சிவப்பு. என் போன் அலறும்.
வரியில் என்ன எழுத என்று கேட்டது.
"சாப்டாச்சு" என்று எழுதினேன்.
காலையில் மேனேஜர் மாற்றச் சொல்வார்.

இரண்டு முப்பத்தெட்டு: சாப்டாச்சு.
இரண்டு முப்பத்தொன்பது: சாப்டாச்சு.
பிழைகள்: நான்கு.
அப்பாடா.
போன் ஒருமுறை மினுங்கி அணைந்தது, வாலாஜா.

அப்புறம்தான் பாதத்தில் ஈரம் தெரிந்தது.
வாளி.